நிழல் தராத மதினி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் ஊரில் யாராவது சொல்லித்தான் தீருவார்கள். நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். டிப்பர் பெட்டி வாங்கிய முதல் நாள், அது நிறைய ஆட்டுச் சாணத்தை ஏற்றிக்கொண்டு வந்து, பின்கதவைத் திறக்காமலே பெட்டியைத் தூக்கினேன்.

அதிலென்ன முட்டாள்தனம் என்று கேட்பவர்களுக்காக: சின்ன டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற, ஒரே அச்சில் இரண்டு சக்கரம் கொண்ட இரும்புப் பெட்டி அது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை மேலே இழுத்தால் பெட்டிக்கு அடியில் இருக்கிற ஜாக்கி எண்ணெய் குடித்து நீண்டு, பெட்டியின் முன்பக்கத்தை மேலே தூக்கும். பின்கதவு திறந்திருந்தால் சரக்கு சரிந்து கொட்டிவிடும். திறக்காவிட்டால் மொத்தமும் கதவோரம் போய்க் குவியும். பின்பக்கம் கனத்து உட்காரும். முன்பக்கம் எழும். அதோடு மாட்டியிருக்கிற டிராக்டரின் பின்பக்கமும் எழும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஆளும் எழுவான்.

நான் எழுந்தேன். கம்பத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்து உயரப் பார்த்து, முடியாமல், கோம்பைக்கும் பண்ணைப்புரத்துக்கும் நடுவில் அப்பா விட்டுப்போன நிலத்தில் வெள்ளாமை செய்து உயரலாம் என்று வந்தவன். வந்ததற்கு அன்று ஒரு நாள் உயர்ந்தேன். டிராக்டரின் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டுப் போய்விட்டன. ஸ்டியரிங்கைப் பல்லி மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். காப்பாற்றத்தான் என்று நினைத்தேன். எல்லார் கையிலும் செல்போன். அதில் பாதி, நானே ரீசார்ஜ் செய்து கொடுத்தவை.

படம் எடுக்காமல் வந்தது ஒரே ஒரு ஆள்.

"ஏலே, செல்ல உள்ள வையி! யாரும் பின்னால நிக்காதீக, தள்ளிப் போங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார் அந்த அம்மா. புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலையில் சும்மாடு மாதிரி ஒரு துண்டு. என்னை அண்ணாந்து பார்த்தார்.

"குதிக்காதீக. குதிச்சா அது ஒங்க மேலதான் வந்து உக்காரும். லீவரத் தொடுங்க. அழுத்தாதீகய்யா! பல்லு வலிக்கிற பிள்ளையோட கன்னத்தத் தொடுவோம்ல, அப்பிடித் தொடுங்க."

தொட்டேன். பெட்டி முனகிக்கொண்டு இறங்கியது. டிராக்டரும் இறங்கியது. நான் மட்டும் இறங்கவில்லை, ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வரப்பு ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கன ஒரு வேம்பு நின்னுச்சே?"

"பெட்டி திரும்ப எடமில்ல. அதான் வெட்டிட்டேன்."

"ம்" என்றார். போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் எனக்கு மதினி. ரத்த உறவெல்லாம் இல்லை. எங்கள் பக்கம் மூத்த பெண்ணை அக்கா என்று கூப்பிட்டால் அடங்கி நடக்க வேண்டும். மதினி என்று கூப்பிட்டால் கேலி பேசலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அவரும் என்னைக் கொழுந்தனாரே என்று கூப்பிட்டுப் பதிலுக்குப் பதில் கொடுத்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது மதினிக்குக் கொஞ்சமும் பிடித்திருக்காது.

மதினியிடமும் ஒரு சின்ன டிராக்டரும் டிப்பர் பெட்டியும் இருந்தன. சாணம், வாழைத்தார், பிரித்துப்போட்ட திராட்சைப் பந்தலின் கல்லுக்கால், கண்மாயில் படிகிற கரம்பை வண்டல் என்று எது கேட்டாலும் ஏற்றுவார். ஆள் நல்லவரா என்று ஊரில் கேட்டால் யோசிப்பார்கள். வாய் அப்படி. ஊருக்கு அவர் மேல் ஒரே ஒரு பெரிய புகார்தான். நிழல் தர மாட்டார்.

எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை. மேகமெல்லாம் அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில் முழுக்க நடுவில் இருக்கிற எங்களுக்கு. சித்திரை மாதம் மண் பரப்பவும் குழி வெட்டவும் வருகிற பெண்களுக்கு, மதியம் சோற்றைத் திறந்து வைத்து உட்கார ஒரு மரம் இருக்காது. மரம் நின்றால் அதன் நிழலில் பயிர் தேறாது, வண்டி திரும்பாது என்று எல்லாத் தோட்டக்காரர்களும் வெட்டியாகிவிட்டது. அதனால் ஒரு பழக்கம் வந்தது. மண்ணைக் கொட்டிய பிறகு பெட்டியை இறக்காமல் அப்படியே தூக்கி நிறுத்திவிடுவார்கள். வானத்தைப் பார்த்துச் சரிந்து நிற்கிற இரும்புக் கூரை. அதற்குக் கீழே சக்கரத்தைத் தாங்குகிற சேசிஸ் இருக்கிறதே, இரண்டு நீள இரும்புச் சட்டம், அது பெஞ்சு. சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுவார்கள். அலுப்பாக இருந்தால் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். காற்றும் வரும். நானே அதில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், நல்ல தூக்கம்.

மதினியின் பெட்டியில் அது நடக்காது. கொட்டிய மறு நொடி இறக்கிவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்தவர் பெட்டி தூக்கியிருந்தாலும் பாதி வழியில் டிராக்டரை நிறுத்திவிட்டு வரப்பேறி வந்துவிடுவார்.

"எந்திரிங்க. வெளிய வாங்க. எறக்கணும்."

"சோத்துல கைய வச்சுட்டோம் மதினி."

"கையோட வாங்க."

"ஒங்க பெட்டியா இது? நெழலுக்குக்கூடவா கஞ்சத்தனம்? செத்தா தூக்கிட்டுப் போகப் போறீகளா நெழல?"

"தூக்கத்தான் இஞ்சின் வேணும்த்தா. எறங்க ஒண்ணும் வேணாம்."

இதைத்தான் மதினி எல்லாரிடமும் சொல்வார். மழை வருமா என்று கேட்டாலும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து நிற்பார். பெட்டியைத் தூக்க எஞ்சின் ஓடி எண்ணெயைத் தள்ள வேண்டும். இறங்குவதற்கு அப்படி எதுவும் வேண்டாம். லீவர் நுனி ஒரு விரல் நகர்ந்தால் போதும், அதன் கனத்துக்கே அது வந்து படுத்துவிடும். எஞ்சின் அணைந்திருந்தாலும் சரி, சாவி பக்கத்து ஊரில் இருந்தாலும் சரி.

லீவர் நுனியில் உருண்டையாக ஒரு கைப்பிடி இருக்கும். தூக்குவாளி மாட்டுவதற்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி. தரையில் வைத்தால் எறும்பு ஏறும் என்று பெண்கள் சோற்று வாளியை, வெற்றிலைப் பையை, தண்ணீர் பாட்டிலை எல்லாம் அதில்தான் மாட்டுவார்கள். மதினி எந்த டிராக்டரைக் கடந்து போனாலும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் போவார். எறும்பு ஏறும். பெண்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், "எறும்பு கடிச்சா சாக மாட்டீக" என்பார்.

மதினியின் பெட்டி தூக்கியிருக்கும்போது அதற்கு அடியில் போவது அவர் ஒருவர்தான். அதுவும் காலையில், கிரீஸ் வைக்க. அதை ஒரு நாள் பார்த்தேன். பெட்டியைக் காலியாக்கி, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லைக் கொடுத்தார். தூக்கினார். சேசிஸில் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு புளியங்கட்டையை அவிழ்த்து, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் நெட்டுக்குத்தாக முட்டுக் கொடுத்தார். பெட்டியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டையின் மேல் உட்கார வைத்தார். பிறகு காலால் கட்டையை ஓங்கி ஒரு உதை. அசையவில்லை. இன்னொரு உதை. அதற்குப் பிறகுதான் குனிந்து உள்ளே போனார். கீல் இருக்கிற இடத்தில் கிரீஸ் வைத்தார். எண்ணெய் போகிற ஹோஸைத் துணியால் துடைத்து, விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். ஆட்டுச் சாணம் ஏற்றின மறுநாள் என்றால் பெட்டியைக் கழுவிக் காயவிட்டுப் பழைய எண்ணெய் தடவுவார். இல்லாவிட்டால் தகரம் துருவேறி வடகம் மாதிரி பொரிந்துவிடும்.

"கட்டையப் போயி ஒதைக்கிறீகளே, பாவம் மதினி" என்றேன்.

"என் ஒதைக்கு நின்னாத்தான் பெட்டிக்கு நிக்கும்."

"அதான் ஒங்க வீட்டுக்காரர் நிக்காமப் போயிட்டாரா?"

மதினி சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு அவருக்கு. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கிரீஸ் கையைத் தூக்கிக் காட்டி அடிக்க வந்தார்.

இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. லீவரைத் தொடுவதற்கு முன்னால் மதினி வானத்தை அண்ணாந்து ஒரு முறை சுற்றிப் பார்ப்பார். ஏதோ குலசாமியைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாமி விஷயத்தில் கேலி வேண்டாமே என்று நானும் ஒரு நாள் அவர் முன்னால் லீவருக்கு ஒரு கும்பிடு போட்டு, வானத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

"என்ன கொழுந்தனாரே செய்யுறீக?"

"நீங்க கும்பிடுற சாமியத்தான்..."

"கரண்டுக் கம்பி போகுதான்னு பாக்குறேன்யா. பெட்டி போயி ஒரசுச்சுன்னா நீங்க நேராப் போயி சாமியப் பாக்கலாம்."

அன்றிலிருந்து நானும் அண்ணாந்து பார்க்கிறேன். கும்பிடுவதையும் விடவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்றுதான்.

இவ்வளவு பயப்படுகிற ஆளுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. புருஷன் பெட்டிக்கடியில் நசுங்கிச் செத்தார் என்றார்கள் சிலர். இல்லை, கூடப் பிறந்த தம்பி. லீவரைத் தட்டிவிட்டதே மதினிதான் என்றார்கள் வேறு சிலர். டீக்கடையில் ஒருவர் ரத்தம் எந்தப் பக்கம் ஓடியது என்பதுவரை சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. ஒரு நாள் வாழைத்தார் ஏற்றி முடித்த பிறகு கேட்டேவிட்டேன்.

மதினி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்புருசன் கட்டப்பனையில இட்லிக் கட போட்டு ஜோராத்தான் இருக்காரு. கூட ஒருத்தி இருக்கா. அவ சட்னி நல்லா அரைப்பான்னு கேள்வி" என்றார். "கூடப் பொறந்த தம்பி எனக்குக் கெடையாது."

"அப்ப யாரு மதினி செத்தது?"

"யாரும் சாகல."

"யாருமேவா?"

"ஏன்யா, எவனாச்சும் செத்தாத்தான் எறக்கணுமா?"

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்பதுதான் உண்மை. நல்ல கதையாக ஒன்று கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். ஊருக்கும் அதே ஏமாற்றம்தான். யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகு மதினியின் பேச்சுக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போய்விட்டது. அதுவரை பாவம் என்று எழுந்திருந்தவர்கள் அதற்குப் பிறகு எழவில்லை. "அவுகளுக்கே ஒண்ணும் நடக்கலையாம்" என்று சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்கள்.

சின்னப்பொண்ணு விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

சின்னப்பொண்ணு மண்வேலைக்கு வருகிற பெண்களில் இளையவள். கைக்குழந்தைக்காரி. வீட்டில் விட்டுவர ஆள் இல்லாத நாட்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வருவாள். ஒரு நாள் பண்ணைப்புரம் பக்கம் ஒரு தோட்டத்தில் மதினியும் நானும் சாணம் கொட்டப் போனபோது, அங்கே நின்ற வேறொருவரின் பெட்டி வழக்கம்போலத் தூக்கியிருந்தது. கீழே யாரும் இல்லை. பெண்கள் தூரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் அடியில் இருக்கிற கொக்கியில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. காற்றுக்கு ஆடியது. உள்ளிருந்து ஒரு சின்னப் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லீவரில் ஒரு தூக்குவாளியும் தொங்கியது. அதுவும் அதே காற்றுக்கு ஆடியது.

நான் ஏதோ சொல்லச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். மதினியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஓடவில்லை. மெதுவாக நடந்து போனார். வாளியைத் தொடவே இல்லை. குனிந்து, பிள்ளையை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். பிள்ளையை என் கையில் கொடுத்தார். பிறகு வயலுக்குள் இறங்கிப் போய், சின்னப்பொண்ணைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

அன்று சாயங்காலமே பேச்சு ஊர்க்கூட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்தவர் வீட்டுப் பெண்ணை எப்படி அடிக்கலாம் என்றார்கள். நியாயம்தானே. மதினி நடுவில் நின்றார்.

"அடிச்சது தப்புத்தான். அந்தப் பிள்ள கால்ல விழுந்துகூட மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். "மொதல்ல பெட்டியத் தூக்கி வைக்க மாட்டோம்னு எல்லாரும் சொல்லுங்க. கேக்குறேன்."

யாரும் சொல்லவில்லை. மதினியும் கேட்கவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது. சின்னப்பொண்ணு அதற்குப் பிறகு மதினி வருகிற பாதையில் நடக்கவே மாட்டாள். எதிரில் வந்தால் வரப்பு மாறிப் போவாள்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் மதினி ஒரு காரியம் செய்தார். பழைய நூல் சேலை ஒன்றை டிராக்டரிலேயே வைத்துக்கொண்டார். பச்சைக் கட்டம் போட்டது. மதியம் ஆனால் பெட்டியை இறக்கி, அதன் பக்கத் தகரத்தில் சேலையின் ஒரு ஓரத்தைக் கட்டி, மறு ஓரத்தை இரண்டு சவுக்குக் கம்பில் கட்டி நட்டுவிடுவார். பந்தல் மாதிரி ஆகிவிடும். அவர் வேலை செய்கிற தோட்டத்தில் பெண்கள் அதன் கீழே உட்கார்ந்தார்கள், திட்டிக்கொண்டேதான். இரும்புக் கூரை மாதிரி வருமா? சேலையில் வெயில் சல்லடை போட்டுக் கொட்டியது. காற்று அடித்தால் கம்பு சாய்ந்து குழம்பில் விழுந்தது. இடம் பத்தாமல் மதினி வெளியே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். "மகாராணி பந்தல்" என்று நான் பெயர் வைத்தேன். நானும் ஒரு சேலை வாங்கி வைக்கிறேன் என்று சொன்னேன். சொன்னதோடு சரி.

போன கோடைக்கு முந்தின கோடையில் கண்மாயில் கரம்பை அள்ளிக்கொள்ள விட்டிருந்தார்கள். கரையை ஒட்டின ஒரு தரிசில் மண் பரப்புகிற வேலை. கூடலூர்ப் பக்கமிருந்து டிராக்டரோடு வந்த ஒரு டிரைவர் கடைசி நடையைக் கொட்டிவிட்டு, "வெயில்ல உக்காந்து சாப்புடாதீக, தூக்கியே வச்சிட்டுப் போறேன்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, யாரோ ஒருவரின் பைக்கில் ஏறி டீக்கடைக்குப் போனார். நல்ல மனுஷன். சாவி அவர் சட்டைப் பையில்.

மதினியும் நானும் எங்கள் வண்டிகளோடு கரை மேல் நின்றோம். மண் அள்ளுகிற இயந்திரக்காரர் சாப்பிடப் போயிருந்தார். நான் ஏதோ ஒரு கிண்டலை ஆரம்பித்திருந்தேன். அதை இன்றுவரை முடிக்கவில்லை. மதினி பாதிக் காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கீழே அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது.

"போகாதீக மதினி. சாப்புட்டுக்கிட்டு இருக்காக. வைவாக."

"எறக்கச் சொல்லல" என்றார். குரலில் ஒரு அலுப்பு இருந்தது. அவரிடம் அதற்கு முன் நான் கேட்காத அலுப்பு. "முட்டாச்சும் குடுத்துட்டு வந்துருறேன்."

புளியங்கட்டையை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு கரையில் இறங்கினார்.

பாதித் தூரம்கூடப் போகவில்லை. சாப்பிட்டு முடித்த ஒருவர், வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடிக்க, லீவரில் மாட்டியிருந்த வாளியைச் சட்டென்று கீழ்ப்பக்கமாக இழுத்தார். யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. எவர் இழுத்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். உஸ் என்று ஒரு சத்தம், பாம்புச் சத்தம் மாதிரி. பெட்டி இறங்க ஆரம்பித்தது. சட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே குதித்தார்கள். பலகையில் ஒருத்தி முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு. இரவெல்லாம் பிள்ளை தூங்கவிடவில்லை என்று பிறகு சொன்னாள்.

கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் மதினி போய்ச் சேர்ந்திருக்க முடியாது. கட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். அதனால் போய்ச் சேர்ந்தார். உள்ளே குனிந்து, பலகையோடு சேர்த்து அவளை அந்தப் பக்கம் தள்ளினார். சின்னப்பொண்ணு தரையில் போய் விழுந்தாள். மதினி நெஞ்சுவரை உள்ளே இருந்தார். பெட்டி வந்து படுத்தது.

நான் கரையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது மதினி சட்டத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. பெட்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தருவாரே, அதே சாதாரணக் குரலில், அதைவிடச் சன்னமாக,

"பதறாதீக. சாவி யாருட்ட இருக்கு?" என்றார்.

சாவி டீக்கடையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கையால் தூக்கிப் பார்த்தோம். அது அசைந்து கொடுத்தது, எழும்பவில்லை. கடைசியில் கீழே கிடந்த புளியங்கட்டையைக் கொண்டுவந்து, இடுக்கில் கொடுத்து நெம்பித்தான் வெளியே எடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கோம்பையைத் தாண்டுவதற்கு முன்னாலேயே, வண்டியை இனி மெதுவாக ஓட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

டிரைவர் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு வடைப் பொட்டலம் இருந்தது. பெண்களுக்கென்று வாங்கி வந்திருந்தார். அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், யாரிடம் கொடுப்பது என்றும் தெரியாமல், ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கட்டப்பனையிலிருந்து இட்லிக்கடைக்காரர் வந்தார். நெருப்பு வைத்தார். போனார்.

கொஞ்ச நாள் ஊரில் எந்தப் பெட்டியும் தூக்கி நிற்கவில்லை. லீவரில் எதையும் மாட்டவில்லை. ஆள் செத்தாகிவிட்டது அல்லவா? மதினி சொன்னதற்கு இப்போது ஆதாரம் கிடைத்துவிட்டது. நான்கூட, பரவாயில்லை மதினி, ஜெயிச்சுட்டீக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அந்தக் கரையில் யாரோ புளியங்கட்டையை நட்டு வைத்தார்கள். அடையாளத்துக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு அதில் மஞ்சள் ஏறியது. குங்குமம் ஏறியது. உயிரைக் கொடுத்து உயிரைக் காத்தவள் சும்மா போக மாட்டாள் என்றார்கள். மதினியின் பச்சைக் கட்டம் போட்ட சேலையைத் தேடி எடுத்து வந்து கட்டைக்குச் சுற்றிக் கட்டினார்கள். ஆடியில் கூழ் ஊற்றினார்கள். இப்போது மண்வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் அங்கே ஒரு சூடம் கொளுத்தி, "ஆத்தா, நீதான் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். கூழ் ஊற்றிய அன்று நானும் வரிசையில் நின்று ஒரு செம்பு வாங்கிக் குடித்தேன். கட்டையைப் பார்த்தேன். உதைத்து உதைத்து அதன் அடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதன் மேல் பூ வைத்திருந்தார்கள்.

கும்பிட்டாகிவிட்டதால் பயம் போய்விட்டது. பெட்டிகள் மறுபடி எழுந்தன.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. என் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் மதினி மாதிரியே குரல் கொடுத்து, "எந்திரிங்க, வெளிய வாங்க, எறக்கணும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே மதினி மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்கள். இத்தனை வருஷம் எல்லாரையும் சிரிக்க வைத்துப் பழக்கியதற்குக் கிடைத்த சம்பளம்.

போன வாரம் வாழைக்குழிக்குச் சாணம் கொட்டினேன். கொட்டியதும் பெட்டியை இறக்கிவிட்டு, சாவியை எடுக்க மறந்து, மோட்டார் போடப் போனேன். திரும்பி வந்தால் பெட்டி வானத்தில் நின்றது. சட்டத்தின் மேல் வரிசையாகப் பெண்கள். லீவரில் ஒரு தூக்குவாளி. எல்லார் நெற்றியிலும் காலையில் கரையில் வைத்த மஞ்சள். நடுவில் சின்னப்பொண்ணு உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தொட்டிலில் கிடந்த பிள்ளை வளர்ந்து பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு கேலியும் வரவில்லை.

"ஏத்தா, நீயே இங்கன உக்காரலாமா?" என்றேன்.

சின்னப்பொண்ணு பிசைந்த கையை நிறுத்தினாள். ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புவரை என் தோட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். வேம்பு நின்ற இடத்தில் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு பிள்ளையின் வாயில் ஒரு உருண்டையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வேற நெழலு எங்கனண்ணே இருக்கு?"